உப்புச் சர்க்கரைக் கரைசல் காத்ததும் காக்க இயலாததும்

காலரா சிகிச்சை முகாம்களில் பயன்படும் கட்டில் மற்ற மருத்துவமனைக் கட்டில்களைப் போன்றதன்று. நோயாளியின் இடுப்பு அமையும் இடத்தில் அதன் நடுவே ஒரு வட்டத் துளை இருக்கும். மேலே விரித்திருக்கும் வழுவழுப்பான விரிப்பிலும் அதே இடத்தில் துளை. அதற்கு நேர் கீழே, உட்புறத்தில் லிட்டர் கோடுகள் போட்ட ஒரு வாளி. எழுந்து நடக்க வலுவில்லாத நோயாளியின் உடலிலிருந்து வெளியேறுவது எல்லாம் அந்த வாளியில் சேரும். செவிலியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கோட்டைப் பார்த்து, போனது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அதே அளவு திரவத்தை வாய்வழியாகவோ டிரிப் மூலமாகவோ உடலுக்குள் திரும்பச் செலுத்துவார். இவ்வளவு எளிய அமைப்பு இவ்வளவு உயிர்களைக் காத்தது மருத்துவத்தில் அரிது. காலராவில் கொல்வது நீரிழப்புதான் என்பதையும், இழந்த நீரைக் கணக்குத் தவறாமல் ஈடுசெய்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்பதையும் அந்தக் கட்டிலைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அந்த வாளி ஏன் இவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பதை அறிய, நலமான குடல் ஒரு நாளில் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். நாம் நாளொன்றுக்குக் குடிக்கும் நீர் ஏறத்தாழ 2 லிட்டர். ஆனால் உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு, பித்தநீர், கணையநீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாம் சேர்ந்து சிறுகுடலுக்குள் வந்துசேரும் திரவம் 8 முதல் 9 லிட்டர் வரை இருக்கும். மலத்தோடு வெளியே போவது 100 அல்லது 200 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி அனைத்தையும் குடல் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. காலராக் கிருமி குடற்சுவரைக் கிழிப்பதோ அரிப்பதோ இல்லை. அது வெளியிடும் நச்சு, குடல் செல்களில் குளோரைடு வெளியேறும் வழிகளைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. குளோரைடோடு சோடியமும் அதன் பின்னால் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடும் காலராவில் வளர்ந்த ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். காலையில் நலமாக இருந்தவர் அன்று மாலைக்குள் இறந்துபோவது இதனால்தான். 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுகாட்டினார். கிருமியைவிட அதன் நச்சே நோயை உண்டாக்குகிறது என்பதை 1959இல் அதே நகரில் சம்புநாத் தே முயலின் குடலில் செய்த ஆய்வின் வழியாக நிறுவினார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்தப் பணிக்குக் கிடைத்த மதிப்பு, அதன் பயனோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

வயிற்றுப்போக்கு நோய்களால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 45 லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள் என்று 1980களின் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கில் அந்த எண்ணிக்கை 4.4 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. உலக மக்கள்தொகை இவ்வளவு பெருகிய பின்னும் சாவுகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருப்பது பெரும் சாதனை. அதே நிறுவனம் தரும் இன்னொரு எண்ணை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும்: குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும் தடவைகள் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி. சாவு குறைந்த வேகத்தில் தொற்று குறையவில்லை. நோயுற்ற குழந்தையைப் பிழைக்க வைக்கக் கற்றுக்கொண்ட உலகம், அந்தக் குழந்தை நோயுறாமல் இருக்கும் நிலையை இன்னும் உருவாக்கவில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொண்டால்தான் ஏழை நாடுகளின் குடல் நோய்களைப் புரிந்துகொள்ள முடியும்.

முதல் எண் குறைந்த கதை, குடலில் சேதமடையாமல் எஞ்சியிருந்த ஒரு வழியிலிருந்து தொடங்குகிறது. குடல் செல்களின் உள்பரப்பில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டுமே உள்ளே விடும் ஒரு கடத்தி உண்டு என்று 1960இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். காலரா நச்சு குளோரைடு வழிகளைத் திறந்துவிட்டாலும் இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. வெறும் உப்புநீரைக் குடித்தால் அது அப்படியே வெளியேறிவிடும். அதோடு உரிய அளவு குளுக்கோஸும் சேர்ந்தால் சோடியம் உள்ளே போகும், தண்ணீரும் அதைப் பின்தொடரும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து, வாய்வழிக் கரைசல் கொடுத்தால் டிரிப்பின் தேவை பெருமளவு குறைகிறது என்று காட்டினார்கள். ஆயினும், பயிற்சி பெற்ற மருத்துவர் அருகில் இல்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணமே அப்போது மருத்துவ உலகில் நிலவியது.

அந்த எண்ணத்தை உடைத்தது 1971ஆம் ஆண்டின் பேரவலம். வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதிக்கு லட்சக்கணக்கான அகதிகள் வந்துசேர்ந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. மருத்துவமனையின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். டிரிப் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பேற்றிருந்த திலீப் மஹலனாபிஸ், வாய்வழிக் கரைசலையே நம்புவது என்று முடிவெடுத்தார். கல்கத்தாவில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் ஒரு லிட்டர் நீருக்கான கலவையை எடைபோட்டு, பாலித்தீன் பைகளில் இட்டு, துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் பைகளின் வாயை ஒட்டினார்கள். முகாமில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் அதைக் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளின் உறவினர்களே குவளைகளில் பிடித்துச் சென்று புகட்டினார்கள். முன்பு 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு விகிதம், அவருடைய குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. அளவை எடுத்துச் சொன்னால், எழுத்தறியாத உறவினரும் செவிலியர் செய்யும் வேலையைச் செய்ய முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. கரைசலைக் கண்டறிந்தது அறிவியலின் வெற்றி என்றால், அதை மருத்துவரின் கையிலிருந்து குடும்பத்தின் கைக்கு மாற்றியதுதான் பன்காவின் வெற்றி; இரண்டில் பின்னதே பெரியது என்று நான் கருதுகிறேன்.

போருக்குப் பின் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் அதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்றது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 1.2 கோடி குடும்பங்களின் தாய்மார்களுக்கு மூன்று விரலால் எடுத்த உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் கொண்டு கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பணியாளர்களின் ஊதியம் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து அமையவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, கற்பித்த பத்துச் செய்திகளில் எத்தனையைத் தாய் நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்பார்; அந்த விடையைப் பொறுத்தே ஊதியம் கூடியது அல்லது குறைந்தது. சுகாதாரக் கல்வி என்ற பெயரில் துண்டறிக்கை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் திட்டங்கள் எல்லாம் கவனிக்க வேண்டிய ஏற்பாடு இது.

இன்று பொட்டலத்தில் வரும் ஓ.ஆர்.எஸ். பழைய கலவை அன்று. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் என்பது 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்ற அளவு. சர்க்கரையும் உப்பும் கூடுதலாக இருந்தால் கரைசலே குடலுக்குள் நீரை இழுத்துவிடும் என்பதால் செறிவு குறைக்கப்பட்டது. அதன்பின் வாந்தியும் டிரிப் தேவையும் குறைந்தன. இனிப்பான குளிர்பானங்களும் பெட்டியில் அடைத்த பழச்சாறுகளும் வயிற்றுப்போக்கை மோசமாக்குவதற்கும் இதுவே காரணம்: அவற்றில் சர்க்கரை அளவு மிஞ்சியிருக்கிறது, உப்போ போதுமானதாக இல்லை. பெயரிலும் உறையிலும் ஓ.ஆர்.எஸ். போலத் தோன்றும் பானங்களை வாங்கும்போது உறையிலுள்ள அளவுகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

கரைசலைக் கொடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரு குவளையை ஒரே மூச்சில் புகட்டினால் அது திரும்பி வந்துவிடும். தாயும் 'எதுவுமே தங்கவில்லை' என்று சோர்ந்துவிடுவார். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். மணிக்கணக்கில் மடியில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. நீரிழப்பு எவ்வளவு என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. கண் குழிந்திருக்கிறதா, குழந்தை ஆவலோடு குடிக்கிறதா அல்லது குடிக்கவே வலுவின்றிக் கிடக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்க்கலாம். வயிற்றுத் தோலை இரு விரலால் பிடித்துத் தூக்கிவிட்டால், நலமான குழந்தையின் தோல் உடனே சமமாகிவிடும். இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு நின்றால் அது கடும் நீரிழப்பு, உடனே டிரிப் வேண்டும். ஆனால் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தையின் தோலடிக் கொழுப்பு கரைந்துபோயிருப்பதால், நீரிழப்பு இல்லாமலேயே தோல் மடிப்பு நிற்கும். அதை நம்பி விரைந்து டிரிப் ஏற்றினால் வலுவிழந்த இதயம் தாங்காமல் குழந்தை இறந்துவிடக்கூடும். ஏழ்மை மிகுந்த இடங்களில் இந்த இரண்டு நிலைகளும் பெரும்பாலும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கின்றன.

கரைசலோடு 10 முதல் 14 நாள் வரை துத்தநாக மாத்திரை (ஆறு மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10), தாய்ப்பாலும் வழக்கமான உணவும் நிறுத்தாமல் தொடர்வது: சிகிச்சை இவ்வளவே. இருந்தும் உலகில் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளில் பாதிப்பேருக்குக்கூட இன்று ஓ.ஆர்.எஸ். கிடைப்பதில்லை. பொட்டலம் எட்டாத தொலைவு அதற்கு ஒரு காரணம். இன்னொன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை: கரைசல் பேதியை நிறுத்தாது. குழந்தை பிழைக்கும், ஆனால் பேதி மூன்று நான்கு நாள் போய்க்கொண்டுதான் இருக்கும். தாய் எதிர்பார்ப்பது பேதி நிற்பதை. அதை அறிந்தே மருந்து கொடுப்பவர் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கிறார். பெரும்பாலான நீர்த்த பேதிக்கு அது எந்தப் பயனும் தராது. தானாக நிற்க வேண்டிய நாளில் பேதி நின்றதும் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

கரைசலின் எல்லை சீதபேதியில் தெளிவாகத் தெரிகிறது. மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து, அடிவயிற்றில் முறுக்கு வலியோடு, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும் போனால் சிறிதளவே வருவதும் ஷிகெல்லாத் தொற்றின் அடையாளம். 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டறிந்த இந்தக் கிருமி பெருங்குடலின் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்குகிறது. இங்கே நீரிழப்பைவிடப் புண்ணே கேடு. நலமான ஒருவருக்குக் காலரா வர லட்சக்கணக்கில், பெரும்பாலும் கோடிக்கணக்கில் கிருமிகள் உட்செல்ல வேண்டும். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகள் போதும். அதனால் காலரா பெரும்பாலும் நீரின் வழியே ஊரைத் தாக்குகிறது; ஷிகெல்லாவோ கைகளின் வழியே ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றிவருகிறது. இதற்கு ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவை. ஆனால் நீர்த்த பேதிகளுக்கெல்லாம் வாரி இறைத்ததன் விளைவாக, தேவைப்படும் இடத்தில் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனிழந்துவருகின்றன. இரத்தபேதி என்றாலே அமீபா என்று கருதி மெட்ரோனிடசோல் கொடுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. குழந்தைகளின் இரத்தபேதிக்கு அமீபா காரணமாக இருப்பது குறைவு. மேலும், கேடு செய்யும் அமீபாவும் கேடு செய்யாத அதன் இனமொன்றும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரிவதால், 'அமீபா இருக்கிறது' என்ற ஆய்வக அறிக்கை பல சமயம் ஒன்றையும் சொல்வதில்லை. உண்மையான அமீபா பெருங்குடலோடு நிற்காமல் இரத்தக் குழாய் வழியே கல்லீரலை அடைந்தால், பெரும்பாலும் வலப்பகுதியில், காபி நிறத்தில் சீழ் கட்டும். காய்ச்சலும் வலப்புற விலாவுக்குக் கீழே வலியுமாக வரும் அந்த நோயாளிக்கு அப்போது பேதி இல்லாமலும் இருக்கலாம்.

டைபாய்டு இதைவிட ஏமாற்றும் நோய். குடல் வழியே நுழைகிறது. ஆனால் நோயாளி வயிற்றுப்போக்கோடு வருவதில்லை, நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சலோடு வருகிறார். சிறுகுடலின் கடைப்பகுதியிலுள்ள நிணத்திட்டுகளில் கிருமி தங்கிப் பெருகுகிறது. சிகிச்சையின்றி மூன்றாம் வாரத்தை எட்டினால் அந்தத் திட்டுகள் புண்ணாகிக் குடலில் ஓட்டை விழுந்துவிடக்கூடும். அறுவை சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் மரணம். இதை உறுதிசெய்ய இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைகூட நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம்தான் கிருமியைக் காட்டும். அந்த வசதியும் இல்லாத சிற்றூர்களில் இன்றும் நடப்பது 1896இல் வந்த விடால் சோதனை. டைபாய்டு மலிந்த பகுதிகளில் நலமாக இருப்பவர்களின் இரத்தத்திலும் பழைய தொற்றுகளின் எதிர்ப்பொருள் இருப்பதால், அந்தச் சோதனை மலேரியாவையும் டெங்குவையும்கூட டைபாய்டு என்று காட்டிவிடும். ஐயத்தின் பேரில் கொடுத்த மருந்துகள் பெருகப் பெருகக் கிருமியும் பாடம் கற்றது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய வகை, ஐந்து மருந்து வகைகளுக்குக் கட்டுப்படவில்லை. வாய்வழி மருந்தாக எஞ்சியது அசித்ரோமைசின் மட்டுமே. 2019இல் அந்நாடு டைபாய்டுக்கான இணைத்தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடானது. ஆறு மாதக் குழந்தை முதல் போடத்தக்க அந்த ஊசி, இத்துறையில் அண்மையில் கிடைத்த உருப்படியான முன்னேற்றங்களில் ஒன்று. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வருகிறது, 1.1 லட்சம் பேர் இறக்கிறார்கள்.

நீரின் வழியே வரும் இன்னொன்று மஞ்சள் காமாலை. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் யமுனையின் வெள்ளத்தால் கழிவுநீர், குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்தது. நீர்நிலையத்தில் படிகாரமும் குளோரினும் கூடுதலாகச் சேர்த்தார்கள். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் 1956இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைட்டிஸ் ஏ என்றே கால் நூற்றாண்டுக் காலம் கருதப்பட்டது. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை 1980இல் சோதித்தபோதுதான் அது வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. பின்னர் ஹெபடைட்டிஸ் ஈ என்று பெயர் பெற்றது. பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகும் இந்தக் காமாலை, கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் அவர்களில் 20 முதல் 25 விழுக்காட்டினரைக் கொன்றுவிடக்கூடும். குளோரின் போட்டுவிட்டோம் என்பதால் மட்டும் நீர் தூய்மையாகிவிடாது என்பதற்கு டெல்லி ஒரு சான்று. குளோரினைத் தாங்கும் உறை கொண்ட கிரிப்டோஸ்போரிடியம் இன்னொரு சான்று. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளிவந்த பெரும் ஆய்வில், குழந்தைகளின் கடும் பேதிக்கு முதன்மையான நான்கு காரணங்களில் ஒன்றாக இந்த ஒட்டுண்ணி இடம்பெற்றது. அதுவரை எய்ட்ஸ் நோயாளிகளைத் தாக்கும் கிருமியாகவே பலர் இதை எண்ணியிருந்தார்கள். அதே ஆய்வில், கடும் பேதி வந்து தேறிய குழந்தைகளை அடுத்த இரண்டு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். அக்காலத்தில் அவர்களுடைய இறப்பு வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட எட்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தச் சாவுகளில் பல வீட்டிலேயே நிகழ்ந்தன. பேதி நின்றதும் நோய் முடிந்துவிட்டது என்று ஏட்டில் எழுதிவிடுகிறோம். குழந்தையின் உடலில் அது முடிந்திருப்பதில்லை.

முடியாமல் தொடரும் அந்தச் சேதத்தின் இயல்பு, எதிர்பாராத ஒரு சான்றின் வழியாக வெளிப்பட்டது. 1960களில் அமெரிக்கத் தன்னார்வத் தொண்டர்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் ஊர்களில் தங்கிப் பணியாற்றினார்கள். நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த அந்த இளைஞர்களின் சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது, விரல்களைப் போல் நிமிர்ந்து நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் பலரிடம் குட்டையாகித் தடித்திருந்தன. உணவை உறிஞ்சும் திறனும் குறைந்திருந்தது. நாடு திரும்பிய பின் நாளடைவில் குடல் பழைய நிலையை அடைந்தது. ஆகவே அந்த மாற்றத்துக்கு இனமோ பிறப்போ காரணமன்று, சுற்றுச்சூழலே காரணம். அதே சூழலில் பிறந்து, அதை விட்டு எங்கும் போக வழியில்லாத குழந்தையின் குடல் ஓயாமல் கிருமிகளை எதிர்கொண்டு, இலேசான அழற்சியிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. உறிஞ்சும் பரப்பு குறைகிறது, சுவர் கசிகிறது, உண்ணும் உணவின் ஒரு பங்கு அழற்சிக்கே செலவாகிறது. பேதி இல்லாத நாட்களிலும் இது நடந்துகொண்டிருப்பதால் தாய்க்கும் தெரிவதில்லை, மருத்துவருக்கும் தெரிவதில்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லை என்பது மட்டுமே வெளியே தெரியும். மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் இதன்மேல் இன்னொரு சுமை. உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரின் குடலில் அவை இருக்கின்றன. அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று புழுவை வெளியேற்றும், மண் மாறாவிட்டால் சில மாதங்களில் புழு திரும்பிவிடும்.

சேதமுற்ற இந்தக் குடலில் வாய்வழித் தடுப்பு மருந்துகளும் முழுமையாக வேலை செய்வதில்லை. போலியோ சொட்டு மருந்து பணக்கார நாடுகளில் தந்த பாதுகாப்பை இந்தியக் குழந்தைகளுக்குத் தரவில்லை என்பதை 1970களிலேயே வேலூரில் டி. ஜேக்கப் ஜான் காட்டினார். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் அதே அனுபவம். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழு கண்டறிந்த இந்த வைரஸ், குழந்தைகளின் கடும் பேதிக்கு உலகெங்கும் முதற்காரணமாக இருந்தது. வளர்ந்த நாடுகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் காக்கும் தடுப்பு மருந்துகள் ஏழை நாடுகளில் 50 முதல் 60 விழுக்காடு வரையே காத்தன. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸ் வகையிலிருந்து உருவாகி, 2016இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ரோட்டாவாக் மருந்தின் திறனும் முதல் ஆண்டில் 56 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இது சிறிய பயனன்று. நோய் மிகுந்த இடத்தில் பாதியைத் தடுத்தாலே, நோய் குறைந்த இடத்தில் முழுவதையும் தடுப்பதைவிட அதிக உயிர்கள் மிஞ்சும். ஆனால் எந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து மிகவும் தேவையோ அவர்களுடைய குடலிலேயே அது வலுக்குறைந்து போகிறது என்ற உண்மை, கேட்பவரை உறுத்த வேண்டும்.

எனவே பேச்சு தண்ணீருக்கே திரும்புகிறது. இவற்றை வெப்பமண்டல நோய்கள் என்று அழைப்பது ஓரளவுக்கே சரி. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவால் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அதை ஒட்டியே அமைந்திருந்த ஆல்ட்டோனா நகரமும் அதே எல்பே ஆற்றைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் எடுத்த நீர். ஆல்ட்டோனா அந்த நீரை மணற்படுகையில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. இரண்டு நகரங்களுக்கும் ஒரே வானிலை, ஒரே ஆறு. நோய் பெரும்பாலும் நகர எல்லையோடு நின்றுவிட்டது. வெப்பமும் மழையும் கிருமிகளுக்கு உதவுவது மெய்யே, ஆயினும் தீர்மானிப்பது வடிகட்டியும் வடிகாலுமே.

குழாய் போட்டுவிட்டால் போதும் என்பதும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில மணி நேரம் மட்டும் நீர் வரும் அமைப்பில், நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இல்லாமல் போகிறது. அருகே ஓடும் சாக்கடையின் கசிவு விரிசல்கள் வழியே உள்ளே உறிஞ்சப்படுகிறது. அடுத்த முறை வரும் நீர் அதையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வந்த நீரைப் பிடித்துவைக்கும் அகன்ற வாய்ப் பாத்திரத்தில் குவளையோடு விரல்களும் நனைகின்றன. பன்காவ் முகாமில் பீப்பாய்க்குக் குழாய் பொருத்தியதன் பயன் இங்கே விளங்கும்: யாருடைய கையும் உள்ளே போவதில்லை.

இந்த வழிகளை வீட்டளவில் அடைத்துவிட்டால் குழந்தைகள் வளருவார்களா என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் பெரிய சோதனைகள் நடந்து, முடிவுகள் 2018இலும் 2019இலும் வெளிவந்தன. வீட்டு நீருக்குக் குளோரின், மேம்பட்ட கழிப்பறை, கை கழுவச் சோப்பும் நீரும் கொடுத்தார்கள். வங்கதேசத்தில் பேதி குறைந்தது. மற்ற இரு நாடுகளிலும் குறையவில்லை. மூன்று நாடுகளிலும் குழந்தைகளின் உயரம் இவற்றால் கூடவில்லை. தூய்மையால் பயனில்லை என்று இதற்குப் பொருள்கொள்வது தவறு. முற்றம் முழுவதும் கால்நடைக் கழிவும் மலமும் கலந்த மண்ணாக இருக்க, குழந்தை அதில் தவழ்ந்து விரலை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு புட்டி குளோரினும் ஒரு கழிப்பறையும் கிருமிகளின் ஒரு பகுதியைத்தான் விலக்குகின்றன. அழற்சியைத் தணிக்க அது போதவில்லை. ஹாம்பர்க்கில் எந்தத் தாயும் வீட்டில் குளோரின் கலந்து நோயை விரட்டவில்லை. நகரம் தன் செலவில் வடிகட்டி கட்டியது. வேறொரு கண்டத்தின் ஏழைத் தாயிடம் மட்டும் அந்தப் பொறுப்பை நாளுக்குப் பத்துமுறை கை கழுவும் கடமையாக ஒப்படைத்துவிட்டு, முடிவு வரவில்லை என்று வியப்பதில் நியாயமில்லை.

குழாயும் வடிகாலும் வரும்வரை இடைக்காலத்துக்கு உதவுவது வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து. நெருக்கடி நாடுகளுக்கு அனுப்ப 2013 முதல் அதற்கென ஓர் உலகக் கையிருப்பு இருக்கிறது. இரண்டு தவணை கொடுத்தால் சில ஆண்டுகள் பாதுகாப்பு நிற்கும். ஒரு தவணையின் பாதுகாப்பு அதைவிடக் குறுகியது. 2022இல் ஒரே சமயத்தில் பல நாடுகளில் காலரா வெடித்தபோது மருந்து போதவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், கையிருப்பை நிர்வகிக்கும் பன்னாட்டுக் குழு, நோய் பரவும் இடங்களில் இரண்டாம் தவணையைத் தற்காலிகமாக நிறுத்தி, இருப்பதை ஆளுக்கு ஒரு தவணையாகப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவுசெய்தது.